ஆளில்லா வண்டிக்கு யார் பொறுப்பு?



இந்த இதழில் நாம் வழக்கமாகப் படிப்பது லாரி வாடகை, சுங்கச்சாவடிக் கட்டணம், இ-வே பில், ஜி.எஸ்.டி. நோட்டீஸ் போன்ற சங்கதிகள்தான். இம்முறை தானாக ஓடும் வண்டிகளைப் பற்றியும், அவற்றுக்கு அரசு போடும், போடவேண்டிய பாதுகாப்பு விதிகளைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. மணப்பாறையில் மளிகை மண்டி வைத்திருப்பவர்களுக்கும் தானியங்கி வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். நம் சரக்கு ஏறுகிற லாரிக்குள் அந்த இயந்திரம் பாதி வந்துவிட்டது. மீதியும் வந்து சேருவதற்குள் சட்டம் எழுதி முடித்துவிடுவார்கள். எழுதும்போது நம்மை யாரும் கூப்பிட்டுக் கேட்கப்போவதில்லை. சம்பந்தம் அதுதான்.

சென்ற ஆண்டு குல்பர்காவிலிருந்து எங்கள் மண்டிக்குத் துவரம்பருப்பு லோடு ஒன்று வந்தது. முன்கண்ணாடிக்குப் பக்கத்தில், டிரைவரின் முகத்தைப் பார்த்தபடி ஒரு சிறிய கேமரா பொருத்தியிருந்தார்கள். கண் சொக்கினால் சத்தம் போடும் கருவியாம். அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ஏனப்பா என்று கேட்டோம். "முதலாளி, தூக்கம் வந்தா அது கத்துது, சரி. வண்டிய ஓரங்கட்டித் தூங்குன்னு ஆபீசுல யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்களே! சரக்கு எங்க, சரக்கு எங்கன்னு போன்தான் வருது" என்றார். கிளீனர் கிடையாது; அத்தனை தூரமும் ஒற்றை ஆள். இதைக் கேட்ட பிறகு இந்த விஷயத்தைக் கொஞ்சம் விசாரித்துப் பார்த்தோம். அறிந்ததை உறுப்பினர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

சட்டம் இப்போது எங்கே நிற்கிறது?

நம் நாட்டில் சாலையில் ஓடும் வண்டிகளை ஆள்வது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அதன் 3-வது பிரிவு, செல்லத்தக்க உரிமம் இல்லாத எவரும் பொது இடத்தில் மோட்டார் வண்டி ஓட்டக்கூடாது என்கிறது. வண்டி என்றால் அதை ஓட்டுகிற ஒரு மனிதர் உண்டு என்பதை வைத்தே சட்டம் முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது. உரிமம், அபராதம், விபத்து வழக்கு எல்லாம் அந்த மனிதரைச் சுற்றித்தான்.

ஆனால் 2019-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது 2பி என்று ஒரு சிறு பிரிவைச் சேர்த்தார்கள். புதுமை, ஆராய்ச்சி, மேம்பாடு ஆகியவற்றை ஊக்குவிப்பதற்காகச் சில வகை வண்டிகளுக்கு இந்தச் சட்டத்தின் விதிகளிலிருந்து மத்திய அரசு விலக்கு அளிக்கலாம் என்பது அதன் சாரம். நிபந்தனைகள் விதிக்கலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. ஆராய்ச்சி வேண்டியதுதான், நாம் மறுக்கவில்லை. போபாலில் ஒரு நிறுவனம் சாதாரண ஜீப்பில் கருவி பொருத்தி நம் நாட்டு நெரிசலிலேயே ஓட்டிக் காட்டியிருக்கிறது, பாராட்டத்தக்க முயற்சி. ஆயினும், சட்டத்திலிருந்து விலக்குப் பெற்ற வண்டி நம்முடைய கடைத்தெருவில் ஓடினால், எதிரே வருகிறவர் விலக்குப் பெறவில்லையே! அவர் கேட்கும் கேள்விக்கு யார் பதில் சொல்வது என்பதை நிபந்தனையில் எழுதியாக வேண்டும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி அவர்கள் 2017-லும், மறுபடியும் 2023 டிசம்பரிலும், ஓட்டுநர் இல்லாத கார்களை இந்தியாவில் அனுமதிக்க மாட்டோம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அவர் சொன்ன காரணம் ஓட்டுநர்களின் பிழைப்பு. நல்ல எண்ணந்தான். ஆனால் மேடையில் சொன்ன உறுதிமொழி வேறு, அரசிதழில் வந்த விதி வேறு. தவிர, இயந்திரம் ஒரே நாளில் ஓட்டுநரைக் கீழே இறக்கிவிட்டு ஏறிக்கொள்வதில்லை. உதவியாளாக வருகிறது. முதலில் வேகத்தைப் பிடிக்கும், பிறகு பிரேக்கை மிதிக்கும், பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பும். கட்டங்கட்டமாக வருவதை "வராது" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது.

முதல் கட்டத்தை நாம் பார்த்தாயிற்று. வேகக் கட்டுப்பாட்டுக் கருவிதான் அது. 2015 அக்டோபர் 1 முதல் தயாராகும் சரக்கு வண்டிகள் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடியும், டேங்கர், டிப்பர், பள்ளிப் பேருந்து ஆகியவை 60-க்கு மேல் போகாதபடியும் கருவி வைக்க வேண்டும் என்று விதி வந்தது. நல்ல விதி. நடைமுறையில் என்ன ஆயிற்று என்று லாரி செட்டில் உட்கார்ந்து டீ குடித்தவர்களுக்குத் தெரியும். கம்பியைக் கழற்றிவிடுவதற்கென்றே பட்டறைகளில் ஆள் உண்டு, எஃப்.சி. காட்டும் அன்று மட்டும் கம்பி மறுபடி ஏறிக்கொள்ளும். கருவியை வைக்கச் சொன்ன விதிக்குப் பின்னால், அது வேலை செய்கிறதா என்று பார்க்கிற கண் போதிய அளவு இல்லை.

அடுத்த கட்டம் 2025 மார்ச்சில் வெளிவந்த வரைவு அறிவிக்கை. பெரிய லாரிகளிலும் பேருந்துகளிலும் தானே பிரேக் பிடிக்கும் கருவி, ஓட்டுநர் தூங்கினால் எச்சரிக்கும் கருவி, கோடு விட்டு விலகினால் எச்சரிக்கும் கருவி ஆகியவை இருக்க வேண்டும் என்றும், புதிய மாடல்களுக்கு 2026 ஏப்ரல், ஏற்கெனவே உள்ள மாடல்களுக்கு 2026 அக்டோபர் என்றும் அதில் முன்மொழிந்திருந்தார்கள். 2022-ல் மட்டும் நாட்டில் 1,68,491 பேர் சாலையில் மாண்டார்கள். தமிழ்நாட்டில் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நம் மாநிலமே முதலிடம் - 64,105. ஆகவே இத்தகைய கருவிகளை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறோம். இயந்திரம் வந்ததும் மனிதன் செய்ய வேண்டிய காவல் எங்கே போகிறது என்பதுதான் நம்முடைய கேள்வி.

டெம்பி நகரத்தில் நடந்தது

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் டெம்பி என்று ஒரு நகரம். 2018 மார்ச் 18-ம் தேதி இரவு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணியின் மீது ஊபர் நிறுவனத்தின் தானியங்கிச் சோதனைக் கார் மோதி, அவர் இறந்தார். தானாக ஓடும் கார் மோதி நடந்துபோன ஒருவர் இறந்த முதல் சம்பவம் அதுதான் என்கிறார்கள். இது நடந்த விதத்தை லாரியோடு பழகும் நம் போன்றவர்கள் தெரிந்துகொள்வது அவசியம்.

கார் அந்தப் பெண்மணியைப் பார்க்காமல் இல்லை. மோதுவதற்கு 5.6 வினாடிகளுக்கு முன்பே கருவி கண்டுவிட்டது. ஆனால் அது மனிதர் என்று புரியவில்லை. ஏதோ ஒரு பொருள் என்றது, பிறகு வண்டி என்றது, பிறகு சைக்கிள் என்றது. இப்படி மாற்றி மாற்றிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. கோடு போட்ட இடத்தைத் தவிர வேறு இடத்திலும் மனிதர்கள் சாலையைக் கடப்பார்கள் என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. (நம் ஊர் பேருந்து நிலையத்து முன்னால் அந்தக் காரை விட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.) காரைத் தயாரித்த வால்வோ நிறுவனம் வைத்திருந்த அவசர பிரேக்கையும், இரண்டு மூளை ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்க வேண்டாமென்று, தானியங்கி ஓட்டத்தின்போது நிறுத்தி வைத்திருந்தார்கள். காவலுக்கு ஒரு பெண் ஓட்டுநர் இருக்கையில் இருந்தார். அவர் கண் சாலையில் இல்லை. செல்போனில் ஓடிய நிகழ்ச்சியில் இருந்தது.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஒன்றரை ஆண்டுக்கு மேல் விசாரித்து 2019 நவம்பரில் தன் முடிவைச் சொன்னது. காவலுக்கிருந்தவர் கவனிக்கத் தவறினார் என்றது. அதோடு நிற்காமல், அந்த நிறுவனத்தில் பாதுகாப்பு ஏற்பாடு போதாது என்றது. அரிசோனா மாநில அரசின் மேற்பார்வை போதாது என்றும் சொன்னது. ஆனால் குற்ற வழக்கு வந்தபோது நிறுவனத்தின் மீது வரவில்லை. காவலுக்கிருந்த அந்த ஒருவர் மட்டுமே கூண்டில் நின்றார். 2023-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு பெற்றார்.

விபத்துக்குச் சில மாதங்கள் முன்பு வரை அந்தச் சோதனைக் கார்களில் இரண்டு பேர் உட்கார்ந்து போனார்கள். 2017-ன் கடைசியில் ஒருவரை இறக்கிவிட்டு, ஒருவர் போதும் என்று ஆக்கினார்கள். இதைப் படித்ததும் நமக்குக் கிளீனர்தான் நினைவுக்கு வந்தார். நம் ஊர் லாரிகளில் கிளீனர் மறைந்துபோனதும் இதே கணக்கில்தான். நேஷனல் பர்மிட் லாரியில் இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் முன்பு இருந்தது. 2018-ல் அந்த விதியை நீக்கினார்கள். ஆள் கிடைப்பதில்லை, செலவு கட்டுப்படியாகவில்லை என்ற லாரி உரிமையாளர்களின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதன் பலன் இரவு 2 மணிக்கு ஒற்றை ஆளாக ஸ்டியரிங் பிடிப்பவர் தலையில்தான் விடிகிறது.

முழுக்க மனிதன் ஓட்டினால் கை வேலையில் இருக்கும். அதனால் கண்ணும் வேலையில் இருக்கும். முழுக்க இயந்திரம் ஓட்டினால் மனிதனை நம்பி அது இருக்காது. இரண்டுக்கும் நடுவில், இயந்திரம் ஓட்ட மனிதன் சும்மா உட்கார்ந்து காவல் காக்க வேண்டும் என்கிற நிலைதான் ஆபத்தானது. கை சும்மா இருக்கும்போது கண் விழித்திருப்பது எவ்வளவு கடினம் என்று கல்லாவில் பகல் மூன்று மணிக்கு உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் டெஸ்லா நிறுவனம் 2023 டிசம்பரில் 20 லட்சத்துக்கும் அதிகமான கார்களைத் திருத்தத்துக்கு உள்ளாக்க நேர்ந்ததும் இதனால்தான்: ஓட்டுநர் கவனமாக இருக்கிறாரா என்று பார்க்கும் ஏற்பாடு போதவில்லை என்று அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை கண்டது.

நம் பெரியவர்கள் காலத்திலும் தானாக ஓடும் வண்டி இருந்தது. மணப்பாறைச் சந்தைக்கு வந்த வண்டிகள் இரவில் திரும்பும்போது வண்டிக்காரர் வைக்கோல் மேல் படுத்துத் தூங்குவார். மாடுகள் வழி தெரிந்து வீடு போய்ச் சேரும். எங்கள் தலைமுறை சிறு வயதில் பார்த்ததுதான். அந்த வண்டிக்கும் அடியில் விளக்குக் கட்டாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்துவார். மாடு தப்பு செய்தால் கேஸ் மாட்டின் மேல் வராது, வண்டிக்காரர் மேல்தான் வரும். அந்தக் காலத்துச் சட்டத்தில் இந்த விஷயத்தில் குழப்பம் கிடையாது. மேலும், மணிக்கு மூன்று மைல் வேகத்தில் மாடு போனதால் பிழைத்தோம் என்பதும் உண்மை!

லாரியில் ஆள் திரும்பி ஏறிய கதை

கார் போகட்டும், லாரிக்கு வருவோம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸ், ஹூஸ்டன் நகரங்களுக்கு இடையே அரோரா என்ற நிறுவனம் 2025 மே மாதத் தொடக்கத்தில், ஓட்டுநரே இல்லாத லாரிகளை வாடகைச் சரக்கோடு ஓட்டத் தொடங்கியதாக அறிவித்தது. அந்த மாதம் முடிவதற்குள்ளாகவே ஓட்டுநர் இருக்கையில் ஒரு பார்வையாளரை மறுபடி உட்கார வைத்தார்கள். கேட்டது அரசாங்கம் அல்ல, லாரியைத் தயாரித்த பாக்கார் நிறுவனம். வண்டியில் சோதனை நிலை உதிரிப்பாகங்கள் இருப்பதால் ஆள் வேண்டும் என்றார்கள். ஆள் தேவையில்லை, எங்கள் கருவியே போதும் என்று அரோரா சொல்லிக்கொண்டே ஆளை ஏற்றியது. தன் பெயர் பொறித்த வண்டி கெட்டுப்போனால் பழி தன் மேல் வரும் என்று தெரிந்த வியாபாரி எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அதே நாட்டில் இன்னொரு வழக்கும் சுவையானது. அங்கே நெடுஞ்சாலையில் லாரி நின்றுபோனால் பத்து நிமிடத்துக்குள் டிரைவர் இறங்கிப்போய் வண்டிக்குப் பின்னால் எச்சரிக்கை முக்கோணங்களை வைக்க வேண்டும் என்பது விதி. ஆளில்லா லாரியில் இறங்கிப்போக யார் இருக்கிறார்கள்? வண்டியின் மேலேயே மின்னும் விளக்கு வைத்துக்கொள்கிறோம், விலக்குத் தாருங்கள் என்று நிறுவனங்கள் விண்ணப்பித்தன. 2024 டிசம்பரில் அரசுத் துறை மறுத்தது. 2025-ல் அரோரா நீதிமன்றம் போனது. முக்கோணம் சின்னப் பொருள்தான். ஆனால் நம் திண்டுக்கல் சாலையில், வையம்பட்டிக்கும் அய்யலூருக்கும் நடுவே விளக்கில்லாமல் நின்ற லாரியின் பின்னால் மோதிப் போன உயிர்களை எண்ணினால் அதைச் சின்னப் பொருள் என்று சொல்ல வாய் வராது. நம் ஊரிலும் முக்கோணம் கட்டாயந்தான். நாம் பார்ப்பதென்னவோ நாலு கல்லும் ஒரு மரக்கிளையும். வண்டி போன பிறகு கல் அங்கேயே கிடந்து இரு சக்கர வண்டிக்காரரை விழ வைக்கும்.

இயந்திர வண்டி நிறுவனங்கள் எல்லாம் உண்மை பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கவும் முடியாது. 2023 அக்டோபர் 2-ம் தேதி சான்பிரான்சிஸ்கோ நகரில் வேறொரு கார் மோதித் தள்ளிய பெண் ஒருவர் குரூஸ் நிறுவனத்தின் ஆளில்லாக் காரின் முன்னால் விழுந்தார். அந்தக் கார் நின்றது. பிறகு ஓரங்கட்டுகிறோம் என்று அவரை அடியில் வைத்துக்கொண்டே சுமார் 20 அடி இழுத்துப்போனது. இழுத்துப்போனதை நிறுவனம் அதிகாரிகளிடம் முழுமையாகச் சொல்லவில்லை. அக்டோபர் 24-ம் தேதி கலிபோர்னியா மாநிலம் உரிமத்தை நிறுத்தியது, அபராதங்களும் வந்தன, 2024 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் அந்த வாடகைக் கார் தொழிலையே கைவிட்டது. விபத்தை மறைத்தது விபத்தைவிடப் பெரிய நஷ்டத்தைக் கொண்டுவந்தது.

ரயிலில் இருக்கும் ஒழுங்கு

ஆளில்லா ஓட்டம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. டெல்லி மெட்ரோவின் மெஜந்தா பாதையில் 2020 டிசம்பர் 28-ம் தேதி ஓட்டுநர் இல்லாத ரயில் தொடங்கிவைக்கப்பட்டது. சென்னை மெட்ரோவின் 118.9 கிலோமீட்டர் நீள இரண்டாம் கட்டத்துக்கும் ஓட்டுநர் இல்லாமல் ஓடக்கூடிய ரயில்கள்தான்; முதல் ரயில் 2024 அக்டோபரில் பூந்தமல்லி பணிமனைக்கு வந்து சோதனை நடந்தது. அங்கேயும் விபத்து இல்லாமல் இல்லை. 2017 டிசம்பர் 19-ம் தேதி, டெல்லி காளிந்தி குஞ்ச் பணிமனையில் ஒரு ரயில் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. பராமரிப்புக்குப் பின் பிரேக் சரியாகப் போடப்படவில்லை, ஆள் தவறு. நல்லவேளையாகப் பயணிகள் இல்லை. ஆளில்லா வண்டியானாலும் அதைப் பராமரிப்பது ஆள்தானே!

ஆனால் ரயிலில் ஒரு பெரிய ஒழுங்கு உண்டு. மெட்ரோ ஓடலாம் என்று சான்று தருபவர் மெட்ரோ நிர்வாகத்தில் சம்பளம் வாங்குபவர் அல்ல. ரயில்வே பாதுகாப்பு ஆணையம் இயங்குவது விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ். ரயிலுக்கும் விமானத்துக்கும் என்ன உறவு என்று தோன்றும். காரணம் பழையது: ஓட்டுகிறவரும் சோதிக்கிறவரும் ஒரே முதலாளியிடம் இருக்கக்கூடாது என்பதற்காக, 1941-ல் வெள்ளைக்காரர் காலத்திலேயே ரயில்வே ஆய்வாளர்களை ரயில்வே போர்டிலிருந்து பிரித்து, தபாலும் விமானமும் சேர்ந்திருந்த துறையின் கீழ் வைத்தார்கள். மண்டியில் எடை போடுகிறவரும் கணக்கெழுதுகிறவரும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்று நம் முன்னோர் வைத்த வழக்கமும் இதுதான்.

வேலி போட்ட தனிப் பாதையில், எதிரே ஆடு மாடு வராத இடத்தில் ஓடுகிற ரயிலுக்கே இவ்வளவு காவல். சாலைக்கு? 2019 திருத்தத்தில் தேசிய சாலைப் பாதுகாப்பு வாரியத்துக்கு வழி செய்திருக்கிறார்கள்; அதன் வேலை ஆலோசனை கூறுவது. பழுதுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லி உற்பத்தியாளருக்கு உத்தரவிடும் அதிகாரம் 110ஏ பிரிவில் அரசுக்கு உண்டு. அது நல்ல ஆயுதம். இனி வரும் வண்டிகளில் பழுது என்பது இரும்பில் மட்டும் இருக்காது, கணினிக் கட்டளையிலும் இருக்கும். ராத்திரியோடு ராத்திரியாகத் தொலைவிலிருந்தே அதை மாற்றிவிடலாம். எஃப்.சி. வாங்கிய அன்று இருந்த வண்டி வேறு, அடுத்த மாதம் ஓடுகிற வண்டி வேறு என்று ஆகிவிடும். இதைப் பரிசோதிப்பது எப்படி என்று இப்போதே விதியில் வராவிட்டால் பிறகு பிடிக்க முடியாது.

விதி ஏட்டில் இருந்தால் போதாது என்பது நம் வட்டாரத்துக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூடப்படாத ஆழ்துளைக் கிணறுகளை எப்படி மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010 பிப்ரவரியிலேயே வழிமுறை வகுத்தது. 2019 அக்டோபர் 25-ம் தேதி மாலை நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை கிணற்றில் விழுந்தது. எத்தனையோ இயந்திரங்கள் வந்தன, இரவு பகலாக ஆட்கள் உழைத்தார்கள். 29-ம் தேதி உடல்தான் கிடைத்தது. அந்த நாலு நாளும் மணப்பாறையில் பெரும்பாலான கடைகளில் வியாபாரம் பேச யாருக்கும் மனம் வரவில்லை. ஒன்பது வருடம் விதி இருந்தது. பார்க்க வேண்டிய ஒரு ஆள் வந்து பார்த்திருந்தால் ஒரு மூடியோடு முடிந்திருக்கும்.

நம் சரக்குக்கு என்ன வழி?

இப்போதைய சட்டப்படி நம் நிலை என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1865-ம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2007-ம் ஆண்டு சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. சரக்குக்குச் சேதம் வந்தால் லாரி நிறுவனத்தின் அஜாக்கிரதையை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் புக்கிங் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். சரக்கின் முழு மதிப்பையும் அறிவித்து அதற்குரிய கூடுதல் கட்டணத்தைக் கட்டாவிட்டால் கிடைக்கும் தொகைக்கு வரம்பு உண்டு. பில்டியில் மதிப்பு எழுதுகிற இடத்தை வெறுமனே விட்டுவிடுகிற பழக்கம் நம் உறுப்பினர்கள் பலரிடம் இருப்பதால் இதை இங்கே சொல்ல நேர்ந்தது.

ஆகவே, ஓட்டுவது மனிதனோ இயந்திரமோ, சரக்கு விஷயத்தில் நமக்கு எதிரே நிற்பவர் லாரி நிறுவனத்தார். அதில் பெரிய குழப்பம் வராது. குழப்பம் வரப்போவது உயிர் விஷயத்தில்தான். விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு, யார் தவறு என்று பாராமல் 5 லட்சம் ரூபாய் என்று 164-வது பிரிவு சொல்கிறது. அதற்கு மேல் கேட்டுப் போனால் தவறு யாருடையது என்ற கேள்வி வந்துவிடும். டிரைவர் "கருவி பிரேக் போடும் என்று இருந்தேன்" என்பார். லாரி உரிமையாளர் "கம்பெனி வைத்துக் கொடுத்தது" என்பார். கம்பெனிக்காரர் "டிரைவர் கவனமாக இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறோம்" என்பார். கடைசியில் கூண்டில் நிற்கிறவர் யார் என்பதை டெம்பி வழக்கு காட்டிவிட்டது. சம்பளத்தில் குறைந்தவர் யாரோ அவர்தான்.

இங்கிலாந்தில் 2024 மே 20-ம் தேதி நிறைவேறிய சட்டம் இதற்கு ஒரு வழி சொல்கிறது. இந்த வண்டி தானே ஓடும் என்று அரசிடம் சான்று பெறுகிற நிறுவனம் தன் பெயரைக் கொடுத்து, வண்டி தானே ஓடும் நேரத்தில் அது ஓடும் விதத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும். உள்ளே இருப்பவர் மேல் அந்த நேரத்து ஓட்டத்துக்காக வழக்குப் போட முடியாது. ஜெர்மனி 2021-ல் சட்டம் போட்டு, ஆளில்லா வண்டிக்குத் தொலைவிலிருந்தே நிறுத்தக்கூடிய ஒரு மனிதக் கண்காணிப்பாளர் இருந்தாக வேண்டும் என்றது. அமெரிக்காவில் 2021 ஜூன் முதல், இத்தகைய வண்டிகளின் விபத்துகளை நிறுவனங்கள் மத்திய அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று உத்தரவு வந்தது. மூன்றும் மூன்று நாட்டில் இருக்கின்றன. மூன்றும் சேர்ந்தால்தான் நம் சாலைக்குப் போதும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

இதோடு நம் நாட்டுக்கென்று நாலாவதாக ஒன்று தேவை. அதுதான் ஓய்வு. மோட்டார் தொழிலாளர்க்கு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை என்று 1961-ம் ஆண்டுச் சட்டமே சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடப்புக்கு வந்து அது அவற்றில் அடங்கிவிட்டது. 8 மணி நேரக் கணக்கு அங்கும் உண்டு. தூக்க எச்சரிக்கைக் கருவி எத்தனை முறை கத்தியது என்பது கருவிக்கு உள்ளேயே பதிவாகும். அந்தப் பதிவை டிரைவருக்கு அபராதம் போட மட்டும் பயன்படுத்தினால் எல்லா வண்டியிலும் பிளாஸ்திரிதான் ஒட்டப்படும். இத்தனை முறை கத்தினால் வண்டி நிறுத்தப்பட்டு டிரைவர் ஓய்வெடுக்க வேண்டும், அதற்காகச் சரக்கு தாமதமானால் வாடகையில் பிடித்தம் கூடாது என்று விதியில் வந்தால் கருவி பிழைக்கும், டிரைவரும் பிழைப்பார். பிடித்தம் செய்கிறவர்கள் வணிகர்கள் என்பதால் இந்த வரியில் நம் உறுப்பினர்கள் சிலருக்கு வருத்தம் வரலாம். விடியற்காலை 4 மணிக்கு வரவேண்டிய பருப்பு 8 மணிக்கு வந்தால் மணப்பாறையில் முறுக்கு சுடுவது நின்றுவிடாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 212-வது பிரிவின்படி, விதிகளை முன்கூட்டியே வரைவாக வெளியிட்ட பிறகே இறுதி செய்ய வேண்டும். வரைவு வந்ததும் ஆட்சேபணையும் யோசனையும் அனுப்ப யாருக்கும் உரிமை உண்டு. வண்டித் தயாரிப்பாளர்கள் தவறாமல் அனுப்புகிறார்கள். அவர்களுக்கு டெல்லியில் அதற்கென்றே அலுவலகம் இருக்கிறது. வணிகர் சங்கங்களிலிருந்து போகிற கடிதங்கள் பெரும்பாலும் வரி பற்றியவை மட்டுமே. 2பி பிரிவின் கீழ் வரும் எந்த விலக்கும் பொறுப்பாளரின் பெயர் இல்லாமல் தரப்படக்கூடாது, சோதனை செய்கிற அதிகாரி வண்டித் துறைக்கு வெளியே இருக்க வேண்டும், விபத்துப் பதிவு நிறுவனத்தின் கையில் மட்டும் இருக்கக்கூடாது, கருவி கத்தினால் ஓய்வு உண்டு - இந்த நான்கையும் வைத்து ஒரு மனுத் தயாரித்து வருகிறோம்.

உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் கடைக்குச் சரக்கு கொண்டுவரும் லாரிகளில் இத்தகைய கருவி ஏதேனும் இருந்தால், அது என்ன செய்கிறது, எங்கே ஏமாற்றுகிறது என்று டிரைவரிடம் ஐந்து நிமிடம் கேட்டு, அவர் சொல்வதை அப்படியே ஒரு தாளில் எழுதிச் சங்க அலுவலகத்தில் சேர்ப்பிக்கவும். டிரைவரின் பெயரோ வண்டி எண்ணோ எழுத வேண்டாம். எந்தப் பாதை, பகலா இரவா, தனி ஆளா இரண்டு பேரா என்பது மட்டும் இருந்தால் போதும். அடுத்த பொதுக்குழுவுக்கு முன்பாகக் கிடைப்பவற்றை மனுவோடு இணைத்து அனுப்புவோம்.